ஒரே நாளில் நாற்பது மீட்டர் வளர்ந்த மலை

"மூணு தடவை தேடியாச்சு. இது நாலாவது. இதோட கதை முடிஞ்சது" என்றான் ஜெபசிங், பையை முதுகில் ஏற்றிக்கொண்டே.

"முடியட்டும். நாம கண்டுபிடிச்சு முடியட்டும்" என்றாள் இசக்கி.

வனத்துறைச் சோதனைச் சாவடியின் மூங்கில் தடுப்பு மேலே எழுந்தது. மூவரும் அதைக் கடந்து நடந்தார்கள். முன்னால் வனக்காவலர் மாசானம்; நாற்பத்தைந்து வயது, கையில் அரிவாள், தோளில் கயிறு. அடுத்து ஜெபசிங், நகரத்துத் தாவர ஆய்வுக் கழகத்திலிருந்து வந்திருக்கும் இளம் ஆய்வாளன். கடைசியாக இசக்கி. இருபத்தேழு வயது. மலையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு வானிலை நிலையத்தில் பதிவாளர் வேலை. தினமும் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் காற்றழுத்தம் பார்ப்பாள், வெப்பம் பார்ப்பாள், பலூனைப் பறக்கவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவர்கள் தேடிப் போனது ஓர் அலுமினியப் பெட்டி. தலையணை அளவுதான் இருக்கும். உள்ளே விலையுயர்ந்த ஒரு கேமராவும், பேராசிரியர் குற்றாலிங்கம் ஊசிப்பாறை மலையில் சேகரித்த அரிய செடிகளின் உலர்ந்த தாள்களும் இருந்தன. முப்பத்தொரு வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதப் புயலில், காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்த பேராசிரியரை கூட இருந்த ஒரே சுமைக்காரர் முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்கினார். பெட்டியைக் குகையில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பேராசிரியர் கண் திறக்காமலே நான்காம் நாள் இறந்துபோனார். அவருடைய குறிப்பேட்டில் "குகை 1,260 மீட்டர்" என்று எழுதியிருந்தது. புயல் மழையில் ஏறிய இடத்தைச் சுமைக்காரரால் அடையாளம் காட்ட முடியவில்லை. கழகத்து ஆட்கள் ஏறிப் பார்த்தார்கள். அந்த உயரத்தில் குகையே இல்லை.

சுமைக்காரரின் பெயர் சொரிமுத்து. இசக்கியின் அப்பா.

வழக்குக்குச் சாட்சி இல்லை என்று போலீஸ் விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. 'கேமரா சொரிமுத்து' என்ற பெயர் அவருக்கு நிலைத்துப்போனது. அதன்பிறகு யாரும் அவரை மலைக்கு வழிகாட்டியாகக் கூப்பிடவில்லை. செங்கல் சூளையில்தான் முதுகு வளைந்தது. பள்ளிக்கூடத்தில் இசக்கிக்கு 'கேமரா மவ' என்று பெயர். நான்கு வருடம் விடாமல் கடிதம் எழுதி, கழகத்திடமும் வனத்துறையிடமும் இந்த மூன்று நாள் அனுமதியை அவள் வாங்கியிருந்தாள். வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே கிடைத்த வெயில் நாட்கள் மூன்று. மூன்றாம் நாள் மாலைக்குள் கீழே இறங்கியாக வேண்டும்.

"ஏ பிள்ள, வேகமா வா. வெயில் ஏறுமுன்ன பாதி மலை ஏறிரணும்" என்று மாசானம் குரல் கொடுத்தார்.

*

எழுநூறு மீட்டரில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். ஜெபசிங் பைக்குள்ளிருந்து உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தான். அது பந்துபோல் உப்பியிருந்தது.

"கெட்டுப்போச்சு போல. வயிறு ஊதிருக்கு பாருங்க" என்றார் மாசானம்.

"கெடலை அண்ணாச்சி" என்று சிரித்தாள் இசக்கி. "கீழ ஊர்ல அடைச்ச காத்து உள்ள இருக்கு. நாம எல்லாரும் காத்துங்குற கடலுக்கு அடியிலதான் இருக்கோம். நம்ம தலைக்கு மேல வானம் வரைக்கும் காத்து அடுக்கடுக்கா நிக்குது, அதோட கனம் எல்லாத்தையும் அமுக்கிக்கிட்டே இருக்கு. மேல ஏற ஏற, தலைக்கு மேல நிக்கிற காத்து குறையுது. அமுக்குற கை தளருது. அதான் உள்ள இருக்குற காத்து உப்புது."

"அப்போ எனக்கும் வயிறு ஊதிருக்கணுமே."

"உங்களுக்கு ஊருலேயே அப்படித்தான இருக்கு அண்ணாச்சி."

மாசானம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஜெபசிங் முதல் முறையாகச் சிரித்தான். பிறகு, ஏதோ நினைத்தவன்போல், பையின் பக்கவாட்டிலிருந்து தோலுறை போட்ட ஒரு கருவியை எடுத்து இசக்கியிடம் நீட்டினான். பெரிய கைக்கடிகாரம் மாதிரி இருந்தது. கண்ணாடிக்குள் ஒற்றை முள்.

"பேராசிரியரோட உயரமானி. சட்டைப் பையில இருந்ததால இதுவும் குறிப்பேடும் மட்டும் அவரோட கீழ வந்துச்சு. நமக்குத் தேவையில்ல, எங்கிட்ட ஜி.பி.எஸ் இருக்கு. சும்மா, நீங்க பாக்கட்டுமேன்னு கொண்டுவந்தேன்."

இசக்கி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். தன் நிலையத்துக் காற்றழுத்தமானியின் குட்டித் தங்கைதான் இது என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அடைத்த சின்னத் தகட்டு டப்பி இருக்கும். மேலே ஏறினால் வெளிக்காற்றின் அமுக்கம் குறைந்து டப்பி உப்பும், சிப்ஸ் பாக்கெட் மாதிரியே. அந்த உப்பலை ஒரு நெம்புகோல் முள்ளுக்குக் கொண்டுபோகும். முள் 'இத்தனை மீட்டர்' என்று காட்டும். ஓர விளிம்பைத் திருகினால் முள்ளை வேண்டிய எண்ணில் நிறுத்திக்கொள்ளலாம்.

மாலை ஐந்தரைக்கு யானைத்தலைப் பாறையை அடைந்தார்கள். பேராசிரியரும் சொரிமுத்துவும் தங்கிய அதே பாறை. கீழே ஐந்து பேர் படுக்கலாம். அருகில் ஓடை சலசலத்தது. ஜி.பி.எஸ் 980 மீட்டர் என்றது. இசக்கி விளிம்பைத் திருகி, முள்ளையும் 980-இல் நிறுத்தினாள். ஐந்தரை மணிக்கு முள்ளைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். அது இல்லாமல் அவளுக்கு நாள் முடியாது.

*

மறுநாள் முழுக்கத் தேடினார்கள். ஜி.பி.எஸ் திரையில் 1,260 என்ற எண் விலகாதபடி, மலையின் இடுப்பில் கயிறு சுற்றியதுபோல ஒரே மட்டத்தில் நடந்தார்கள். பாறை இடுக்குகளில் கை விட்டார்கள். கோரைப்புல்லை விலக்கினார்கள். இரண்டு இடத்தில் மாசானம் கயிற்றைக் கட்டி இசக்கியைக் கீழே இறக்கினார். ஒரு கரடியின் பழைய படுக்கை கிடைத்தது. குகை கிடைக்கவில்லை.

"வேலையைப் பொறுத்தவரை எங்க ஆளுங்க சரியாத்தான் தேடியிருக்காங்க" என்றான் ஜெபசிங் இறங்கும்போது. குரலில் குத்தல் இல்லை. அதுவே இசக்கிக்கு அதிகம் வலித்தது.

"அப்பா பொய் சொல்லலை."

"நான் அப்படிச் சொல்லலை. ஆனா எண்ணு இருக்கு, இடம் இல்ல. நான் என்னன்னு எழுதிக் குடுக்க?"

ஐந்தரைக்குப் பாறைக்குத் திரும்பினார்கள். முகம்கூடக் கழுவாமல் இசக்கி உயரமானியை எடுத்து, கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பார்த்தாள்.

1,020.

மறுபடி தட்டினாள். 1,020-தான்.

"நேத்து தொள்ளாயிரத்தி எம்பது. இன்னிக்கு ஆயிரத்தி இருவது" என்றாள் மெல்ல.

மாசானம் எட்டிப் பார்த்தார். "ஒரே நாளுல மலை நாப்பது மீட்டர் வளந்துட்டாக்கும்? அதான் இன்னிக்கு எனக்கு இப்படி முட்டு வலிக்கி."

"பழைய சாமான். கோளாறாயிருக்கும். ஜி.பி.எஸ் பாருங்க, அதே தொள்ளாயிரத்தி எம்பதுதான்" என்றான் ஜெபசிங்.

"கோளாறு இல்ல. இதுக்கு உயரம்னா என்னன்னே தெரியாது. காத்தோட கனம் மட்டுந்தான் தெரியும். கனம் குறைஞ்சா, 'ஏறிட்டோம்'னு நினைச்சுக்கும்." இசக்கி எழுந்து கிழக்கே பார்த்தாள். மலை இடுக்கின் வழியே தெரிந்த வானம் சுத்தமாக இருந்தது. "நாம ஏறலை. மேல இருக்குற காத்துதான் குறைஞ்சிருக்கு. காத்தழுத்தம் நாலு மில்லிபார் இறங்கியிருக்கு. அதுவும் நேத்து இதே நேரத்துக்கும் இன்னிக்கும் நடுவுல. அண்ணாச்சி, கடல்ல ஒண்ணு உருவாகுது."

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லையே."

"மேகம் பின்னால வரும். வெயில் கடலைக் காய்ச்சுது. தண்ணி ஆவியாகி, சூடான ஈரக்காத்தோட சேந்து மேல ஏறுது. ஏறுன காத்து உச்சியில நாலா பக்கமும் வழிஞ்சு போயிருது. அப்போ அந்த இடத்துல தரையை அமுக்குற கனம் குறையுது. சுத்தியிருக்குற காத்து அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடியாருது. அதுவும் ஏறுது, குளிருது, மழையாக் கொட்டுது. முள்ளு முதல்ல சொல்லும். மேகம் அப்புறம் வரும். மழை அதுக்கும் அப்புறம்."

மாசானத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. "அப்போ விடிஞ்சதும் இறங்கிர வேண்டியதுதான்."

இசக்கி கையிலிருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இறங்கி வந்ததும் ஒரு புயலில்தான். பேராசிரியர் முள்ளைத் திருத்திவிட்டுத்தான் உயரம் எழுதியிருப்பார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவர் தேர்ந்த ஆள். தினமும் காலையில் முகாமின் உயரத்துக்கு முள்ளைச் சரிசெய்வது அவர் வழக்கம் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். ஆனால் நினைவு தப்பிய ஆள் எப்படித் திருத்துவார்?

"ஜெபசிங், அந்தக் குறிப்பேடு இருக்கா? தட்டச்சு செஞ்ச நகல் வேண்டாம். அசல்."

அவன் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். கடைசிப் பக்கங்களை அவள் புரட்டினாள். பேராசிரியரின் பொடி எழுத்து 11-ஆம் தேதியோடு நின்றிருந்தது. 'முகாம், காலை 10, 980 மீ.' அதற்குக் கீழே பென்சிலால், பெரிய பெரிய எழுத்தில் இரண்டு வரிகள்.

'14 தேதி. கூடாரம். காலை 10. 1,085.'

'14 தேதி. குகை. மாலை 4. 1,260.'

அந்த 8-ஐ அவளுக்குத் தெரியும். ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டத்தை உட்காரவைத்த எட்டு. அவளுடைய மதிப்பெண் அட்டைகளில் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி போட்ட எட்டு.

"இது எங்க அப்பா எழுதுனது" என்றாள். "அவருக்கு முள்ளைப் படிக்கத் தெரியும். திருகத் தெரியாது."

ஜெபசிங் குனிந்து பார்த்தான். "கழகத்துல இதை ரெண்டு முகாம்னு எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணு தொள்ளாயிரத்தி எம்பதுல, இன்னொண்ணு ஆயிரத்தி எம்பத்தஞ்சுல."

"ஒரே முகாம்தான். அஞ்சு நாள் இந்தப் பாறைக்கு அடியிலேயே கிடந்தோம்னு அப்பா நூறு தடவை சொல்லியிருக்கார். ஓடை பெருகி உள்ள தண்ணி வந்ததாலதான் பதினாலாம் தேதி அவரைத் தூக்கிக்கிட்டு மேல போனார். பாருங்க. இதே பாறை மூணு நாளுல நூத்தியஞ்சு மீட்டர் வளந்திருக்கு."

ஜெபசிங்கின் வாய் மெல்லத் திறந்தது. விரலால் காற்றில் கழித்தான். "அப்படின்னா குகையும்…"

"நூத்தியஞ்சு கீழ. ஆயிரத்தி நூத்தி அம்பத்தஞ்சு. நாம இன்னிக்குப் பூரா குகைக்கு மேல நடந்திருக்கோம்."

*

விடிந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. முள் 1,040-க்கு நகர்ந்திருந்தது.

"மழை வருதுங்குதிய. மேலயும் போவோம்ங்குதிய. ரெண்டுல எதை நான் கேக்க?" என்றார் மாசானம். "உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிரும்மா."

"பதினொன்றரை வரைக்கும் அண்ணாச்சி. கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் பதினொன்றரைக்கு இறங்குறோம். நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லுதேன்."

மாசானம் அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

எட்டு மணிக்கு ஜி.பி.எஸ் கணக்கில் 1,155-ஐ எட்டினார்கள். அந்த மட்டத்தில் பாறைகளும் பெரணியுமாக ஒரு நீண்ட சரிவு. ஒவ்வொரு பாறையாகத் தட்டினார்கள். முழங்கால் சிராய்த்தது. அட்டை கடித்தது. ஒன்பதரைக்குச் சரிவின் அந்தக் கோடிவரை போய்விட்டார்கள். ஒன்றும் இல்லை.

ஜெபசிங் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். "கணக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

இசக்கி உட்காரவில்லை. எங்கே தப்பு? முள் சரி, பாறை ஒன்று, நாள் ஒன்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தாகப் போகிறது. பத்து மணி. அப்பா கூடாரத்தில் முள்ளைப் படித்த நேரம். குகையில் படித்ததோ…

"நாலு மணி" என்றாள் சத்தமாக. "நேரத்தை விட்டுட்டேன். தினமும் பாக்குற நானே விட்டுட்டேனே."

"என்ன நேரம்?"

"காத்து மண்டலம் தினமும் மூச்சு விடும் ஜெபசிங். புயல் கியல் எதுவும் இல்லாத நாளுலயும் விடும். வெயில் மேல் வானத்துக் காத்தைச் சூடாக்குது. பொழுது சாஞ்சா ஆறுது. அந்தத் தள்ளல்ல மொத்தக் காத்தும் அலை மாதிரி ஆடுது. நம்ம பக்கம் காலையில பத்து மணி வாக்குல அழுத்தம் உச்சத்துல இருக்கும். சாயங்காலம் நாலு மணி வாக்குல தாழ்ந்திருக்கும். எங்க நிலையத்துல வரைபடத்தைப் பாத்தா, தினமும் ரெண்டு மேடு ரெண்டு பள்ளம், படுத்திருக்குற ஆளு மூச்சு விடுற மாதிரி. பத்துக்கும் நாலுக்கும் நடுவுல மூணு மில்லிபார் இறங்கும். அது எத்தனை மீட்டர்?"

"ஒரு மில்லிபாருக்குப் பத்து மீட்டர்னு வெச்சா… முப்பது."

"புயல் நூத்தியஞ்சு மீட்டர் பொய் சொல்லிச்சு. வெயில் இன்னும் முப்பது சேத்துச் சொல்லியிருக்கு. அண்ணாச்சி, முப்பது மீட்டர் கீழ."

மூவரும் சறுக்கியும் உட்கார்ந்தும் இறங்கினார்கள். ஜி.பி.எஸ் 1,125 என்று காட்டிய இடத்தில் பழைய மண்சரிவு ஒன்று கிடந்தது. பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மேலே செடி மூடியிருந்தது. முப்பத்தொரு வருடத்தில் எத்தனை மழை! வாசல் இருந்திருந்தாலும் இந்தக் கற்களுக்குப் பின்னால் எங்கோதான் இருக்கும். இருநூறு அடி நீளக் குவியல். கையால் புரட்டிப் பார்க்க ஒரு வாரம் ஆகும். அவர்களிடம் இருந்தது ஒரு மணி நேரம்.

இசக்கி முதலுதவிப் பையைத் திறந்து பஞ்சை எடுத்தாள். ஒரு துளியைப் பிய்த்து, நூல் நூலாகப் பிரித்து ஊதிவிட்டாள். அது மிதந்து, தயங்கி, சரிவில் மேல்நோக்கிப் போயிற்று.

"என்ன செய்யுதிய?" என்றார் மாசானம்.

"பலூன் விடுதேன் அண்ணாச்சி. வெயில் பாறையைச் சுடுது, பாறை தன்னை ஒட்டியிருக்குற காத்தைச் சுடுது. சூடான காத்து லேசு; அது சரிவைப் புடிச்சு மேல ஏறும். பகல்ல மலைக்காத்து எல்லாம் மேல்நோக்கித்தான் போகும். ஆனா குகைக்குள்ள வெயில் போகாது. அங்க காத்து குளுந்து, கனத்துக் கெடக்கும். ஓட்டை இருந்தா, தண்ணி மாதிரி கீழ வழியும். பஞ்சு எங்க கீழ எறங்குதோ…"

"அங்க வாசல்" என்று முடித்தான் ஜெபசிங். அவள் கையிலிருந்து பாதிப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டான்.

இருவரும் இரண்டு கோடியிலிருந்து நடந்தார்கள். பஞ்சு மேலே போயிற்று. மேலே போயிற்று. மறுபடி மேலே. வெயில் மட்டும் அணைந்துவிடக் கூடாது என்று இசக்கி வேண்டிக்கொண்டாள். கிழக்கே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியதுபோல் மெல்லிய மேகம் வந்துகொண்டிருந்தது. அது சூரியனை மூடினால் சரிவின் காற்று நின்றுவிடும். எல்லா இடமும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

"இங்க வாங்க" என்றான் ஜெபசிங். கத்தவில்லை, அடக்கமாகச் சொன்னான்.

அவன் விட்ட பஞ்சு அவன் முட்டியைச் சுற்றிக் கீழே சரிந்து போயிற்று. இன்னொன்று விட்டான். அதுவும் சரிந்தது. இசக்கி மண்டியிட்டு இரண்டு பாறைகளுக்கு நடுவே முகத்தை வைத்தாள். கிணற்றுக்குள் தலையை விட்டதுபோல் குளிர்காற்று கன்னத்தில் பட்டது.

மாசானம் அரிவாளைக் கீழே போட்டார். மூவரும் கற்களைப் புரட்டினார்கள். நகம் பெயர்ந்தது. ஆள் தவழும் அளவு இடைவெளி வந்ததும் இசக்கி டார்ச்சோடு உள்ளே நுழைந்தாள்.

பத்தடியில் கூரை உயர்ந்தது. தரை வறண்டிருந்தது. சுவரோரம், மூன்று தட்டைக் கற்களின் மேல், அலுமினியப் பெட்டி. அதன் குறுக்கே ஒரு பூட்ஸ் கயிறு கட்டியிருந்தது. மூடியின் விளிம்பு முழுக்க மெழுகு. கையிலிருந்த மெழுகுவத்தியை எல்லாம் உருக்கி ஊற்றியிருக்கிறார் அப்பா. குகையின் குளிர் அதை அப்படியே வைத்திருந்தது.

வெளியே இழுத்து வந்ததும் ஜெபசிங் பேனாக் கத்தியை எடுத்தான். "திறப்போமா?"

"வேண்டாம். மெழுகு உடையாம கொண்டுபோகணும். இத்தனை வருஷம் கழிச்சும், 'நடுவுல எடுத்து வெச்சது'ன்னு ஒருத்தர் சொல்லிரக் கூடாது. அப்பா முன்னால உங்க கையால திறங்க."

அப்போது வெயில் மங்கியது. சரிவில் ஏறிக்கொண்டிருந்த காற்று நின்றுபோயிற்று. ஓர் இலைகூட அசையவில்லை. இசக்கி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால்.

"அண்ணாச்சி, இறங்குவோம்."

*

பாறையில் விட்டிருந்த சாமான்களை அள்ளிக்கொண்டு இறங்கும்போதே முதல் துளிகள் விழுந்தன. மேலே எங்கோ ஏற்கெனவே கொட்டத் தொடங்கியிருக்க வேண்டும். வரும்போது கணுக்கால் நனைத்த ஓடை இப்போது செம்மண் நிறத்தில் தொடை உயரம் ஓடியது. அதைத் தாண்டினால்தான் பாதை.

மாசானம் கயிற்றின் ஒரு முனையை இந்தக் கரை மரத்தில் கட்டினார். மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நீரில் இறங்கி, ஒருமுறை தடுமாறி, அக்கரை ஏறி, அங்கிருந்த மருதமரத்தில் இறுக்கினார்.

"கயித்தை விடாதிய. ஒரு காலு ஊனுன பொறவு மறு காலு" என்று கத்தினார்.

முன்னால் இசக்கி. இடது கையில் பெட்டி, வலது கையில் கயிறு. பின்னால் ஜெபசிங். தண்ணீர் இழுத்தது. பாதி ஓடை தாண்டியிருப்பார்கள். அவள் பின்னால் ஒரு கல் உருளும் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஜெபசிங் கால் நழுவி விழுந்துகொண்டிருந்தான். கயிற்றிலிருந்து அவன் கை விடுபட்டது. பையோடு நீர் அவனைப் புரட்டியது.

யோசிக்க ஒரு நொடிகூட இல்லை. இசக்கி பெட்டியை விட்டாள். அந்தக் கையால் அவன் பையின் பட்டையைப் பிடித்தாள். தோள்பட்டை பிய்ந்துவிடும்போல் இழுத்தது. விடவில்லை. மாசானம் நீருக்குள் பாய்ந்து வந்து ஜெபசிங்கின் சட்டைக் காலரைப் பற்றினார். மூவரும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு கரையில் போய் விழுந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது.

"பெட்டி" என்றான் ஜெபசிங் இருமலுக்கு நடுவே. "என்னால போச்சு."

இசக்கி சிவப்பு நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா குகையில் பெட்டியை வைத்துவிட்டு ஆளைத் தூக்கியபோது இப்படித்தான் இருந்திருக்கும். ஊர் முழுக்க அவரிடம் கேட்டது, 'பெட்டியை ஏன் விட்டே?' அவளும் சின்ன வயதில் மனதுக்குள் கேட்டிருக்கிறாள். இனி கேட்கமாட்டாள்.

"நான் இருக்கேன். எங்கண்ணால பாத்ததை எழுதித் தரேன்" என்றான் ஜெபசிங்.

"திறந்து பாக்கலையே" என்றாள் அவள். குரல் உடையவில்லை, உறுதியாகவே வந்தது. "உள்ள கேமரா இருந்துச்சுன்னு நீங்க எப்படி எழுதுவீங்க? எழுந்திரிங்க. கரையோரமாவே போவோம். அது மூழ்கியிருக்காது."

"அலுமினியம், அதுல கேமரா…"

"அதுல முப்பத்தொரு வருஷத்துக் காத்தும் இருக்கு. மெழுகு உடையலைன்னா அந்தக் காத்து எங்கயும் போகாது. சிப்ஸ் பாக்கெட்டை நினைச்சுக்கோங்க. வாங்க."

மாசானம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு வளைவு தாண்டி, சாய்ந்த ஒரு நீர்மத்தி மரத்தின் வேர்ப் பின்னலில், பெட்டி பாதி நீருக்கு மேலே தலைநீட்டி, 'வாங்க, எவ்வளவு நேரம்' என்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வயிற்றளவு நீரில் இறங்கி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏ பிள்ள, இனிமே இதை நான்தான் சுமப்பேன். உன்னை நம்பித் தர மாட்டேன்."

அவர்கள் சாவடியை அடைந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மலைக்குள்ளிருந்து லாரிகள் வரிசையாக வருவதுபோல் ஓர் இரைச்சல் கிளம்பியது. ஓடை காட்டாறாகியிருந்தது.

*

மேலப்பொட்டல் ஊரில், இசக்கியின் வீட்டு முன்னறையில் பத்துப் பதினைந்து பேர் நனைந்த குடைகளோடு நின்றார்கள். சாவடிக்காரர் போனில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. சொரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் தொடவில்லை. பூட்ஸ் கயிற்றை மட்டும் பார்த்தார்.

"என் கயிறுதான்" என்றார்.

ஜெபசிங் கத்தியால் மெழுகைக் கீறினான். மூடி திறந்தது. மேலே பேராசிரியரின் துண்டு. அதற்கடியில் கேமரா, துருவேறாமல். அதற்கும் கீழே, செய்தித்தாள் மடிப்புகளுக்குள், நிறம் மங்கினாலும் உதிராத இலைகள். கூட்டத்தில் யாரோ "அட" என்றார். வாசலோரம் நின்ற டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். 'கேமரா சொரிமுத்து' என்று முதலில் கூப்பிட்டது அவர்தான்.

"ஐயா" என்றான் ஜெபசிங். "கழகத்துலேர்ந்து எழுத்து மூலமா வரும். அது வர்றதுக்கு முன்னால நான் சொல்லிர்றேன். தப்பு எங்க மேல."

சொரிமுத்து தலையசைத்தார். ஆனால் அவர் கண் மகள்மேல்தான் இருந்தது. "ஆயிரத்தி இருநூத்தி அறுபதுலதான இருந்துச்சு?"

"இல்லப்பா. ஆயிரத்தி நூத்தி இருபத்தஞ்சுல."

அவர் முகம் சுருங்கியது. "அப்போ நான் படிச்சது தப்பா? ரெண்டு தடவ தட்டிப் பாத்துல்லா எழுதுனேன்."

இசக்கி அவர் முன்னால் உட்கார்ந்தாள். "நீங்க முள்ளைச் சரியாத்தான் படிச்சீங்கப்பா. முள்ளும் சரியாத்தான் காட்டிச்சு. அன்னிக்குப் புயல்லயும் சாயங்காலத்துலயும் காத்துதான் மெலிஞ்சு போயிருந்துச்சு. நீங்க நேரத்தையும் சேத்து எழுதியிருந்தீங்க பாருங்க, காலை பத்து, மாலை நாலுன்னு? அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம். வெறும் எண்ணை மட்டும் எழுதியிருந்தா இன்னும் நூறு வருஷம் ஆனாலும் கிடைச்சிருக்காது."

எண்ணைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த எண் பிறந்த நாளின் வானத்தைப் பார்க்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அவள் தோலுறையிலிருந்து உயரமானியை எடுத்து, தங்கள் ஊரின் உயரமாகிய எண்பத்தைந்து மீட்டரில் முள்ளை நிறுத்தி, அப்பாவின் கையில் வைத்தாள். விளிம்பை எப்படித் திருகுவது என்றும் காட்டினாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, அவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்துப் பேசிவிட்டுப் போக இரண்டு மணி நேரம் ஆனது.

எல்லாரும் போன பிறகு சொரிமுத்து கண்ணாடியை விரலால் தட்டினார். ஒருமுறை. இன்னொரு முறை. கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"நூத்திப் பத்து" என்றார். "ஏட்டி இசக்கி, பின்னால கொடியில கெடக்க துணியெல்லாம் எடுத்து உள்ள போடு. இனிமேதான் பெரிய மழை இருக்கு."